ஹெப்பாரினில் ஒட்டும் நானூறு

ரத்தம் உறையாமல் தடுக்கும் சர்க்கரைச் சங்கிலியான ஹெப்பாரின், தனியாக நின்றால் ஒன்றும் செய்யாது. ரத்தத்தை உறைய வைக்கும் இரண்டு புரதங்களை, சுத்திகரித்த த்ராம்பினையும் சுத்திகரித்த ஃபைப்ரினோஜனையும், ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து, கூடவே ஹெப்பாரினையும் விட்டுப் பாருங்கள். கட்டி விழத்தான் செய்யும். டயாலிசிஸ் யூனிட், ஆஞ்சியோ அறை, ஐசியு என்று நம் வீடுகளுக்கெல்லாம் பழகிப்போன மருந்து இது. கோவிட் நாட்களில் தொப்புளைச் சுற்றித் தோலில் போட்டுக்கொண்ட எனாக்ஸாபரின் ஊசியும் இதை வெட்டிச் சிறிதாக்கியதுதான். இந்த மருந்து வேலை செய்ய ரத்தத்தில் ஒரு கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளி ஒரு புரதம். எந்தப் புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் ஹெப்பாரினின் நன்மையும் இருக்கிறது, விபரீதமும் இருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் வரும் கண்டுபிடிப்புக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஹவல் என்ற உடலியங்கியல் பேராசிரியரிடம் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் வேலை பார்த்தார். அவருக்குத் தரப்பட்டது நேர் எதிரான வேலை: ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் திசுக்களிலிருந்து பிரித்தெடுப்பது. மூளை, இதயம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகச் சாறெடுத்தார். கல்லீரல் சாறு நாள்பட நாள்பட உறைய வைக்கும் குணத்தை இழந்து, கடைசியில் உறையவிடாமல் தடுக்கவே ஆரம்பித்தது. 1918-இல் ஹவலும் ஹோல்ட்டும் 'ஹெப்பாரின்' என்று பெயர் வைத்தார்கள். பெருமை யாருக்கு என்று பின்னால் பெரிய சர்ச்சையே நடந்தது. மெக்லீன் பிரித்தது பெரும்பாலும் கொழுப்பு சார்ந்த ஒரு பொருள். இன்று ஊசியில் ஏறும் சர்க்கரைச் சங்கிலி, 1920-களில் ஹவல் நீரில் கரையும் வடிவில் பிரித்ததன் வாரிசு. என்னைக் கேட்டால் பாதிப் பெருமையை டொரண்டோவுக்குக் கொடுப்பேன். இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்டும் அவருடைய குழுவினரும் 1930-களில் மாட்டு உறுப்புகளிலிருந்து மனித உடம்பில் செலுத்தத்தக்க சுத்தத்தில் அதை எடுத்திராவிட்டால், அது ஆய்வகக் குப்பியிலேயே கிடந்திருக்கும்.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் பகுதிதான் எனக்குப் பிடித்தது. 1939-இல் பிரிங்கஸ் என்பவரின் குழு அயோவாவில் செய்த சோதனையில், பிளாஸ்மாவில் உள்ள ஏதோ ஒன்று இல்லாமல் ஹெப்பாரின் பலிக்காது என்று தெளிவானது. அந்த 'ஏதோ ஒன்றை' 1968-இல் நார்வேயின் ஆபில்ட்கோர் சுத்தமாகப் பிரித்தார். அதுதான் ஆன்டித்ராம்பின். 1973-இல் ரோசன்பெர்க்கும் டாமஸும் அது இயங்கும் விதத்தை விளக்கினார்கள். ஆன்டித்ராம்பின் ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். த்ராம்பினையும் பத்தாம் உறைதல் காரணியையும் மெதுவாகக் கட்டிப்போடும். ஹெப்பாரின் வந்து பிடித்ததும் அதன் உருவமே மாறிவிடுகிறது. உள்ளே பாதி ஒடுங்கிக் கிடந்த ஒரு வளையம் வெளியே நீள்கிறது. வேகம் ஆயிரம் மடங்கு அளவுக்குக் கூடுகிறது.

1976-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன: மருந்துப் புட்டியில் உள்ள ஹெப்பாரின் சங்கிலிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஆன்டித்ராம்பினை இறுகப் பிடிக்கத் தெரிகிறது. மீதி சும்மா கூட வருபவை. பிடிக்கத் தெரிந்தவற்றில் என்ன விசேஷம் என்று தேடியபோது ஐந்து சர்க்கரைகள் கொண்ட ஒரு சிறு துண்டு அகப்பட்டது. அதன் நடுச் சர்க்கரையில், மூன்றாம் கார்பனில், அபூர்வமாக அமையும் ஒரு சல்பேட். அந்த ஒரு சல்பேட்டை எடுத்துவிட்டால் பிடி போய்விடும். பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் அந்த ஐந்து சர்க்கரைத் துண்டைச் செயற்கையாகவே தொகுத்தார்கள். அதன் வழியில் வந்த ஃபோண்டாபாரினக்ஸ் இன்று மருந்துக் கடையில் கிடைக்கிறது. பத்தாம் காரணியை அடக்க அந்த ஐந்தே போதும். த்ராம்பினை அடக்க வேண்டுமானால் சங்கிலி குறைந்தது 18 சர்க்கரை நீளம் இருக்க வேண்டும். ஒரு முனை ஆன்டித்ராம்பினையும் மறுமுனை த்ராம்பினையும் பிடித்து இரண்டையும் ஒன்றாக நிறுத்த வேண்டுமே.

இனி ஹெப்பாரினின் உறவுக்காரர். ஹெப்பாரினை உடம்பில் சேமித்து வைப்பவை பெரும்பாலும் ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள்தான். மருந்துக்கான ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. ஆனால் அதே வகைச் சர்க்கரைகளால் ஆன, சல்பேட் குறைவாகவும் திட்டுத் திட்டாகவும் அமைந்த ஹெப்பரான் சல்பேட், விலங்கு உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் இருக்கிறது. அதற்கு டிஎன்ஏ போல முன்வரைவு கிடையாது. செல்லுக்குள் நொதிகள் வரிசையாகச் சங்கிலியை நீட்டி, அங்கங்கே சல்பேட் ஒட்டி, பாதியில் விட்டு, வேறிடத்தில் தொடர்ந்து, வெளியே அனுப்புகின்றன. ஒரே செல்லின் இரண்டு சங்கிலிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. இந்தச் சங்கிலியை நீட்டும் நொதிகளுக்கான இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதானால், வளரும் குழந்தையின் எலும்புகளில் புடைப்புகள் முளைக்கின்றன. சங்கிலியைச் சிதைக்கும் நொதிகள் இல்லாவிட்டால், சான்ஃபிலிப்போ நோயில் நடப்பதுபோல, அது மூளைச் செல்களுக்குள் தேங்கிக் குழந்தை கற்ற பேச்சையே மறக்கிறது.

ஹெப்பாரினையும் ஹெப்பரான் சல்பேட்டையும் பிடிக்கும் மனிதப் புரதங்கள் என்று இன்று பட்டியலிடப்படுபவை 400-க்கும் மேல். வளர்ச்சிக் காரணிகள், கீமோகைன்கள், உறைதல் காரணிகள், கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள் என்று நீளும் பட்டியல். இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

ஆய்வு மாணவனாக இருந்த நாட்களில் குளிர் அறையில் ஹெப்பாரின் 'காலம்' (column) என்ற பிரிப்புக் குழாயை ஓட்டியிருக்கிறேன். சின்னச் சின்ன மணிகளில் ஹெப்பாரினைப் பிணைத்து ஒரு குழாயில் நிரப்பியிருப்பார்கள். மேலே புரதக் கலவையை ஊற்றி, பிறகு உப்புச் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், லேசாக ஒட்டியவை முதலிலும் இறுக ஒட்டியவை கடைசியிலும் கழன்று வரும். அருமையான கருவி. 1984-இல் ஃபோக்மனின் பாஸ்டன் குழு, புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் காரணியை இப்படித்தான் பிரித்தது. அது ஏறத்தாழ 1.5 மோலார் உப்பு வரை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ரத்தத்தின் உப்பு வெறும் 0.15 மோலார். ஆக, அது நிஜமான பிடி. ஆனால் பட்டியலில் இருக்கும் பல புரதங்கள் 0.3, 0.4-க்குள்ளேயே உதிர்ந்துவிடுபவை. ஹெப்பாரின் அளவுக்கு எதிர்மின்னூட்டம் அடர்ந்த மூலக்கூறு உயிருலகில் மிக அரிது. நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்களான லைசினும் ஆர்ஜினைனும் கொஞ்சம் தூக்கலாக உள்ள எந்தப் புரதமும் அதில் போய் ஒட்டும். எண்ணெய் தடவாமல் பலாப்பழம் உரித்த கையில் சுளையும் ஒட்டும், சக்கையும் ஒட்டும், மேசையில் விரித்த செய்தித்தாளும் ஒட்டும்.

அதனால் நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். குழாயில் ஒட்டியது என்பதற்காக ஒரு புரதத்தை நம்பமாட்டேன். அந்தப் பிடி தளர்ந்த மனிதர் ஒருவருக்கு, குறைந்தபட்சம் ஓர் எலிக்கு, என்ன ஆனது என்று காட்டினால் நம்புவேன்.

ஆன்டித்ராம்பின் அந்தத் தேர்வில் தேறுகிறது. 1984-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'ஆன்டித்ராம்பின் டோயாமா' என்ற வகையை விவரித்தார்கள். 47-ஆம் இடத்து ஆர்ஜினைன் சிஸ்டீனாக மாறியிருந்தது. புரதத்தின் மற்ற வேலையெல்லாம் ஒழுங்கு. ஹெப்பாரினைப் பிடிக்க மட்டும் முடியவில்லை. அதைச் சுமந்தவருக்குத் திரும்பத் திரும்ப ரத்தக்கட்டிகள். 2003-இல் அதே மாற்றத்தை எலிகளில் புகுத்தியபோது அவற்றுக்கும் உயிரைக் குடிக்கும் கட்டிகள் வந்தன. இதுவரை கணக்கு சரி. அதே ஆண்டு இன்னொரு குழு மறுபக்கத்திலிருந்து வந்தது. அந்த அபூர்வ சல்பேட்டை ஒட்டும் முக்கிய நொதியை எலிகளில் நீக்கினார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் ஆன்டித்ராம்பினைப் பிடிக்கும் சங்கிலிகள் வெகுவாகக் குறைந்தன. கட்டிகள் குவியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அதே வேலையைச் செய்யும் சகோதர நொதிகள் பாலூட்டிகளிடம் மொத்தம் ஏழு உண்டு; மிச்சம் இருப்பவை போதுமான அளவு ஈடுகட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். புரதத்தின் பக்கம் ஓர் எழுத்து மாறினால் நோய்; சர்க்கரையின் பக்கம் ஒரு நொதியே போனாலும் சமாளிப்பு. எனக்கு இந்த முரண், பாடப்புத்தகத்தின் வழுவழுப்பான படத்தைவிடப் பயனுள்ளது.

தேர்வில் பாதி மார்க் வாங்கிய புரதமும் ஒன்று உண்டு. 1943-இல் ஹான் என்பவர், கொழுப்பான தீனி தின்ற நாய்களின் பால்போல வெளுத்த ரத்தத்தை ஹெப்பாரின் ஊசி தெளியவைப்பதைக் கவனித்தார். குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் ஹெப்பாரினைக் கலந்தால் தெளியவில்லை, உடம்புக்குள் போட்டால்தான். காரணம், லிப்போப்ரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி நுண்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. ஹெப்பாரின் அதை உருவி ரத்தத்துக்குள் இறக்கிவிடுகிறது. அப்படியானால் சுவரில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஹெப்பரான் சல்பேட்தான் என்று பல பத்தாண்டுகள் எழுதினார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டீஃபன் யங்கின் குழு, ஜிபிஐஎச்பிபி1 என்ற ஒரு புரதம் இல்லாத எலிகளின் ரத்தம் பாலாக வெளுத்திருப்பதைக் கண்டது. நுண்குழாய்க்குள் அந்த நொதியைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் ஆசனம் இந்தப் புரதம்தான். இதற்கும் எதிர்மின் அமினோ அமிலங்கள் நிரம்பிய ஒரு வால் இருப்பதால் ஹெப்பாரின் இதிலிருந்தும் நொதியைக் கழற்றும். ஊசி போட்டதும் கழன்று வந்தது என்ற அவதானிப்பு சரி. எதிலிருந்து கழன்றது என்ற ஊகம்தான் பாதி தவறு.

ஹெப்பாரினை முறிக்கவும் ஒரு புரதம் இருக்கிறது. இதய அறுவை முடிந்து, இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து நோயாளியை விடுவிக்கும்போது புரோட்டமின் கொடுப்பார்கள். சால்மன் மீனின் விந்தணுவில் டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் ஆர்ஜினைன் நிறைந்த புரதம். அது டிஎன்ஏவைப் பிடிப்பதும் ஹெப்பாரினைப் பிடிப்பதும் ஒரே காரணத்தால்தான்: எதிரே இருப்பது எதிர்மின்.

பிடி விபரீதமாகும் இடத்துக்கு வருகிறேன். உறவினர் ஒருவருக்கு பைபாஸ் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. மருத்துவர்கள் ஹெப்பாரினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்கள். வராந்தாவில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏண்டா, உறையாம இருக்கத்தானே அந்த ஊசி? இப்ப அதுனாலயே கட்டி வந்துரும்ங்குறாங்க. தட்டணு கொறஞ்சா ரத்தம்தானே ஒழுகணும்?” அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

தட்டணுக்களுக்குள் பிஎஃப்4 என்ற சிறு புரதம் இருக்கிறது. நான்கு நான்காகச் சேர்ந்து, இடுப்பைச் சுற்றி நேர்மின் பட்டை கட்டிய உருண்டையாக நிற்கும். தட்டணு தூண்டப்படும்போது வெளியே கொட்டும். ஹெப்பாரின் கிடைத்தால் விடாது. ஒரு சங்கிலியில் பல உருண்டைகள் நெருங்கி அடுக்கப்படும்போது சிலருடைய எதிர்ப்பு மண்டலம் அந்தக் கட்டமைப்பை அந்நியமாகப் பார்த்து ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடி-பிஎஃப்4-ஹெப்பாரின் கூட்டு தட்டணுவின் மேலுள்ள ஓர் ஏற்பியில் போய் உட்கார்ந்து, மேலும் தட்டணுக்களைத் தூண்டுகிறது. அவை இன்னும் பிஎஃப்4-ஐக் கொட்டுகின்றன. தட்டணு குறைவது ஒழுகியதால் அல்ல, கட்டிகளில் செலவானதால். வழக்கமாக ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் தட்டணு பாதிக்குமேல் சரியும். அப்போது ஊசியை மட்டுமல்ல, கதீட்டரைக் கழுவும் துளி ஹெப்பாரினையும் நிறுத்த வேண்டும்.

பிஎஃப்4 எதற்காக இப்படிப் பிடிக்கிறது? ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் கிரைனாகரின் குழு ஒரு பதிலை முன்வைத்தது: பாக்டீரியாக்களின் மேற்பரப்பும் எதிர்மின்தான், பிஎஃப்4 அவற்றின் மேல் படிந்து, ஆன்டிபாடிகளுக்கு அடையாளம் காட்டுகிறது. பழங்காலத்துக் காவல் முறை ஒன்று, ஒரு மருந்தைக் கிருமியென்று நினைத்து ஓடிவருகிறது.

2021 வசந்தத்தில் இதே பிஎஃப்4 எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது. அஸ்ட்ராசெனகா தடுப்பூசி போட்ட வெகு சிலருக்கு, ஹெப்பாரினையே தொடாதவர்களுக்கு, மூளை நாளங்களில் கட்டியும் தட்டணு வீழ்ச்சியும் வந்தன. ஜெர்மனி, நார்வே, பிரிட்டன் மூன்று நாட்டு மருத்துவர்களும் பிஎஃப்4-க்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். நம்மூரில் கோவிஷீல்டாக வந்தது அதே தடுப்பூசி என்பதால் அந்த வாரங்களில் எனக்கு வந்த வாட்ஸ்அப் கேள்விகளுக்குக் கணக்கில்லை. பிறகு ஒரு கனடியக் குழு வரைபடமிட்டுக் காட்டியது: அந்த ஆன்டிபாடிகள் பிஎஃப்4-இல் பிடிக்கும் இடம், ஹெப்பாரின் பிடிக்கும் அதே இடம். ஹெப்பாரின் செய்த கட்டமைப்பு வேலையை இங்கே ஆன்டிபாடியே செய்துவிடுகிறது.

2008-இல் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹெப்பாரின் ஏறிய நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சுத் திணறியது, சிலர் இறந்தார்கள். சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் யாரோ காண்ட்ராய்டின் சல்பேட் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியை, அதிக சல்பேட் ஏற்றிக் கலந்திருந்தார்கள். உறைதல் சோதனையில் அது அகப்படவில்லை. அளவுக்கு மீறிய எதிர்மின், பன்னிரண்டாம் காரணியைப் பிடித்து முடுக்கிவிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பிராடிகைனின் பெருகி அழுத்தம் விழுந்தது. கலப்படத்தை அடையாளம் கண்ட குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் எம்ஐடியின் ராம் சசிசேகரன். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து அந்தப் புகழ்பெற்ற புரத வரைபடத்தைப் போட்ட வி. சசிசேகரனின் மகன். தந்தை புரதத்தின் பக்கம், மகன் சர்க்கரையின் பக்கம்.

வைரஸ்களைப் பற்றி ஒரு பத்தி போதும். ஹெர்பிஸ், டெங்கு, கோவிட் எல்லாமே செல்லில் ஏற ஹெப்பரான் சல்பேட்டைப் பற்றிக்கொள்கின்றன என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. டெங்குவுக்கு 1997-இல், கொரோனாவின் ஸ்பைக் புரதத்துக்கு 2020-இல். ஆனால் கண்ணாடித் தட்டுச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தால் சில வைரஸ்கள் ஹெப்பரானை மேலும் மேலும் இறுகப் பிடிக்கப் பழகிவிடும். அப்படிப் பழகிய சிண்ட்பிஸ் வைரஸ் எலிக்குள் போனால் வீரியம் இழக்கிறது. போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டால் எங்கே பரவுவது? ஆய்வகத்தில் இறுகப் பிடிப்பது உடம்புக்குள் பலவீனமாகிறது. என் விதிக்கு இன்னொரு சாட்சி.

எல்லாவற்றையும்விட எடையுள்ள சாட்சி கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் இருந்தது. மெடலின் நகர நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோபேரா பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஒரு பெருங்குடும்பம். சுமார் 6000 பேர். அவர்களில் பலருக்கு ப்ரிசெனிலின்-1 மரபணுவில், இளவயதிலேயே அல்சைமர் நோயைக் கொண்டுவரும் ஒரு மாற்றம். அதைச் சுமப்பவர்களுக்கு 44 வயதை ஒட்டி நினைவு தடுமாறத் தொடங்கும். தப்பித்தவர் கிடையாது என்றே இருந்தது. ஆனால் ஒரு பெண்மணிக்கு எழுபது வயது வரை பெரிதாக எதுவும் ஆகவில்லை. பாஸ்டனில் ஸ்கேன் எடுத்தார்கள். அல்சைமரில் மூளையில் படியும் இரண்டு புரதங்களில் அமிலாய்டு குவியல் குவியலாக இருந்தது; டாவ் மட்டும் கொஞ்சம்தான். மரபணுவைப் படித்தபோது, கொழுப்பைச் சுமக்கும் ஏபிஓஈ புரதத்தில் 136-ஆம் இடத்து ஆர்ஜினைனுக்குப் பதில் செரின் இருந்தது, இரண்டு பிரதிகளிலும். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் முதலில் கண்டதால் அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் மாற்றம். அந்த ஆர்ஜினைன் போனதால் ஏபிஓஈ ஹெப்பாரினைப் பிடிக்கும் வலு பெருமளவு குறைந்திருந்தது. 2019-இல் கட்டுரை வெளியானது. டாவ் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஹெப்பரான் சல்பேட்டைப் படியாக வைத்துக்கொள்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்ததால், எல்லார் பார்வையும் சர்க்கரைச் சங்கிலியின் பக்கம் திரும்பியது.

ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு மாற்றம். தற்செயலாக இருக்கலாம் என்று நானும் தள்ளி நின்றுதான் படித்தேன். 2024-இல் அதே குடும்பத்தில் ஒரு பிரதி மட்டும் சுமக்கும் 27 பேரின் கணக்கு வந்தது. அவர்களுக்குத் தடுமாற்றம் தொடங்கிய இடைநிலை வயது 52. ஒப்பிட்ட மற்றவர்களுக்கு 47. ஐந்து ஆண்டு. மூன்று பத்தாண்டு அல்ல, ஆனால் ஐந்து ஆண்டைத் தரும் அல்சைமர் மருந்து இன்று எதுவும் இல்லை. ஏபிஓஈக்கும் ஹெப்பரானுக்கும் இடையே புகுந்து பிடியைத் தளர்த்தும் ஓர் ஆன்டிபாடியை அந்தக் குழுவினர் செய்து எலிகளில் சோதித்திருக்கிறார்கள்.

செய்தித் தலைப்புகள் விட்டுவிட்ட விவரம் ஒன்று அதே 2019 கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்கு ரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சி இருந்தது. கல்லீரல் கொழுப்புத் துணுக்குகளை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதில் ஏபிஓஈ, ஹெப்பரான் சல்பேட் பிடிக்கும் பெரிய பங்கு உண்டு. மூளையில் அவரைக் காப்பாற்றியதாகக் கருதப்படும் அதே தளர்வு கல்லீரலில் வேலையைக் கெடுத்திருக்கலாம். அந்த ஆன்டிபாடி மனிதர்களிடம் சோதனைக்கு வரும் நாளில் நினைவாற்றல் மதிப்பெண்ணுக்கு முன்னால் நான் தேடப்போவது ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடின் அளவை.